தோசைக்கல்லில் ஒட்டிய முட்டை

தோசைக்கல்லில் முட்டை என்றால் எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம். ஒன்று எல்லார் வீட்டிலும் இருப்பது, வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு ஊற்றுவது. இன்னொன்று வருடத்துக்கு ஒரே ஒரு நாள், பெரிய வெள்ளிக்கு மறுநாள் மத்தியானம், அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்ட கல்லில் புறங்கையை வைத்துப் பார்த்து, "ம், இப்ப வைக்கலாம்" என்று என் மனைவி சொன்ன பிறகு வைப்பது. அது சாக்லேட் முட்டை. பாதி ஓட்டைக் கவிழ்த்து இரண்டு விநாடி கல்லில் சுழற்றினால் விளிம்பு மட்டும் இளகும். மற்ற பாதியையும் அப்படியே காட்டி, இரண்டையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ண வேண்டும். எண்ணுவது சின்னவன் பொறுப்பு. அவனுக்கு ஆறு வயது. பதினாலுக்கு அப்புறம் கொஞ்சம் தகராறு, பதினாறு இரண்டு முறை வரும். அதனால் எங்கள் முட்டைகள் நன்றாகவே ஒட்டியிருக்கும்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அப்போது எங்கள் தெருவில் நிறைய. பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஈஸ்டருக்கு முந்தின வாரம் முழுக்க மார்சிபான் முட்டை செய்வார். மார்சிபானுக்கு முறைப்படி பாதாம்தான், ஆனால் மெட்ராஸில் பாதாம் வாங்கிக் கட்டுப்படியாகுமா, முந்திரிதான். முந்திரியைப் பொடித்து, சர்க்கரைத்தூள் சேர்த்து, வெள்ளைக்கரு விட்டுப் பிசைந்து, ஒரு சொட்டு பாதாம் எசன்ஸ் விட்டு ஏமாற்றிவிடுவார். அந்த மாவை அச்சில் அழுத்தி, மறுநாள் வரை காயவிட்டு, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டி, சேர்ந்த இடத்தைச் சுற்றி வெள்ளை ஐசிங்கில் சிப்பி சிப்பியாக ஒரு வரிசை வைப்பார். நடுவில் ஒரு ரோஜாப்பூ, கீழே குழந்தையின் பெயர். பெயரில் எழுத்துப் பிழை வந்த முட்டை எனக்கு. நான் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுத்துப் பிழைக்காக வேண்டிக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை அந்தச் சிப்பி வரிசையைக் காட்டி "அழகா இருக்கு ஆன்ட்டி" என்றேன். "அழகுக்கு இல்ல மேன், ஓட்டையை மூடுறதுக்கு" என்றார். பிறகு அவர்கள் குடும்பத்தோடு மெல்போர்ன் போய்விட்டார்கள். அங்கே முயல்தான் பயிரை அழிக்கும் பெரும் தொல்லை, அதனால் ஈஸ்டர் முயலுக்குப் பதிலாக பில்பி என்ற நீளக்காது உள்நாட்டு விலங்கைச் சாக்லேட்டில் செய்து விற்கிறார்கள் என்று ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தார். முட்டை செய்வதை விட்டுவிட்டாராம். கடையில் எல்லாமே கிடைக்கிறதாம்.

நாங்கள் வீட்டில் செய்ய ஆரம்பித்தது 2022-ல். அதற்கு முந்தின இரண்டு ஈஸ்டரும் கொரோனாவில் போயிற்று, பூசையை யூடியூபில் பார்த்தோம். அந்த இரண்டு வருடத்தில் என் மகள் பார்த்த இன்னொரு விஷயம் சாக்லேட் முட்டை வீடியோக்கள். இங்கிலாந்திலோ பெல்ஜியத்திலோ யாரோ ஒரு பெண், பளபளவென்ற முட்டையை அச்சிலிருந்து தட்டி எடுப்பார், "டக்" என்று சத்தம் வரும். அந்த டக்குக்காகவே எட்டு வயதுப் பிள்ளை நூறு வீடியோ பார்த்திருப்பாள். "நாமளும் செய்யலாம்பா" என்றாள். அந்த வீடியோக்களில் ஜன்னலுக்கு வெளியே என்ன தட்பவெப்பம் என்று நான் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 17. ஈஸ்டர் தேதி ஒவ்வொரு வருடமும் மாறும், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. மார்ச் 22-லும் வரலாம், ஏப்ரல் 25-லும் வரலாம். குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது வசந்தம் சீக்கிரம் வந்ததா, தாமதமா என்ற கேள்வி. சென்னையில் சாக்லேட் முட்டை செய்பவனுக்கு வாழ்வா சாவா. மார்ச்சில் வந்தால் பிழைத்தான், ஏப்ரல் கடைசியில் வந்தால் கத்திரிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

முதல் வருடம் நடந்ததை வரிசையாகச் சொன்னால் அழுகை வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து சாக்லேட்டை உருக்கினோம். ஆவி அடித்து ஒரு சொட்டு தண்ணீர் உள்ளே விழுந்தது, ஒரே சொட்டு. அவ்வளவு சாக்லேட்டும் ஈர மணல் மாதிரி கட்டிபட்டுப்போயிற்று. சாக்லேட்டில் இருப்பது சர்க்கரையும் கொக்கோத் தூளும் கொழுப்பில் மிதப்பதுதான். துளி தண்ணீர் பட்டால் சர்க்கரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை அப்போது யார் கண்டார்கள்? வெள்ளைச் சாக்லேட்டுக்கு ரோஸ் கலர் கொடுக்கலாம் என்று கேசரிக்குப் போடுகிற கலரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன், அதுவும் போயிற்று. மிச்சமிருந்ததை அச்சில் ஊற்றினால் சாயங்காலம் வரை இறுகவே இல்லை. பிரிட்ஜில் வைத்தோம், இறுகியது. வெளியே எடுத்ததும் சென்னைக் காற்று பட்டு முட்டை முழுக்க வியர்த்தது. காய்ந்த பிறகு பார்த்தால் மேலெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது என்னல, ஈஸ்டர் முட்டைன்னுட்டு சாம்பல் புதன் கொண்டாடி வச்சிருக்க?" என்றாள். நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்கும் நாள் அது.

என் அம்மா தூத்துக்குடி. இருபது வருடமாகச் சென்னையில் எங்களோடு இருந்தும் பேச்சு அப்படியே இருக்கிறது, அபிப்பிராயங்களும் அப்படியே. தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு, நாற்பது நாளும் கவிச்சி தொடமாட்டாள், முட்டையும் கிடையாது. திருச்சபை இப்போதெல்லாம் அவ்வளவு கேட்பதில்லை, அவளைக் கேட்டால் திருச்சபைக்கு வயதாகிவிட்டது என்பாள். ஆனால் ஈஸ்டர் முட்டையின் வரலாறே அம்மாவைப் போன்றவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. பழைய ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க முட்டை சாப்பிடத் தடை. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். நாற்பது நாள் சேர்ந்த முட்டைகளை ஈஸ்டரன்று அவித்து, சாயம் பூசி, மந்திரித்து, பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் 1290-ஆம் வருட வீட்டுக் கணக்கில், பொன்தகடு சுற்றவும் சாயம் பூசவும் 450 முட்டை வாங்க 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. அரசன் வீடானாலும் முட்டைக் கணக்கு எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

சாக்லேட் வந்தது ரொம்பப் பின்னால். பிரிட்டனில் முதல் சாக்லேட் முட்டையை 1873-ல் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை கம்பெனி செய்தது, இரண்டு வருடம் கழித்து காட்பரி. அந்த முதல் காட்பரி முட்டைகள் கசப்புச் சாக்லேட்டில் செய்தவை, மேலே வேலைப்பாடு எதுவும் கிடையாது. அப்புறம்தான் மேலே சாக்லேட்டால் கோடு இழுப்பதும் மார்சிபான் பூ ஒட்டுவதும் வந்தன. அந்தக் காலத்து முட்டைகளில் முதலைத்தோல் மாதிரி வெடிப்பு வெடிப்பாக ஒரு வேலைப்பாடு உண்டு, ஜெர்மனியிலிருந்து வந்தது. இன்றைக்கும் சில முட்டைகளில் அந்தத் தோலைப் பார்க்கலாம். மொழுமொழுவென்று இருந்தால் ஓட்டில் உள்ள சின்னச் சின்னக் குறை கண்ணில் படும், இப்படி வெடிப்பு போட்டுவிட்டால் தெரியாது, அதற்காகத்தான். இதைப் படித்தபோது எனக்குப் பெரம்பூர் ஆன்ட்டி ஞாபகம் வந்தது. ஓட்டையை மூடுறதுக்கு மேன்.

2023-ல் உஷாராகக் காம்பவுண்ட் சாக்லேட் வாங்கினோம். பேக்கரிக்காரர்கள் புழங்குவது, பாரிமுனையில் கட்டி கட்டியாகக் கிடைக்கும். அதில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, அதனால் எந்த வித்தையும் வேண்டாம், உருக்கி ஊற்றினால் இறுகும், பளபளக்கும், சென்னை வெயிலைக்கூடக் கொஞ்சம் தாங்கும். டக் சத்தமும் வந்தது. மகள் குதித்தாள். ஈஸ்டர் அன்று அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றுவிட்டு, "மெழுகுதிரி நல்லா இனிப்பா இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்தக் கொழுப்பு வாயில் கரையாமல் மேலண்ணத்தில் படிந்து நிற்கிறது. நிஜ சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகும், நம் உடம்புச் சூடு 37, அதனால்தான் வாயில் போட்டதும் அது வழுக்கிக்கொண்டு போகிறது. ஏப்ரலில் எங்கள் சமையலறையே அந்த 34-ஐத் தாண்டிவிடும் என்பதுதான் எங்கள் சிக்கல்.

சரி, நிஜ சாக்லேட்டை வைத்தே ஜெயிப்பது என்று 2024-ல் முடிவெடுத்தோம். நல்ல நேரம் பார்த்துத்தான் முடிவெடுத்தோம். அந்த மார்ச் மாதம்தான் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் விழுந்து, உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. நம் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவிலேயும் கொக்கோ விளைகிறது, ஆனால் விலையை நிர்ணயிப்பது எங்கேயோ இருக்கும் பண்டச் சந்தை. கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பில் போட்டார்.

நிஜ சாக்லேட்டில் டெம்பரிங் என்று ஒரு வேலை இருக்கிறது, அதுதான் எல்லாம். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகம் ஆகும். அதில் ஐந்தாவது விதம் மட்டும்தான் பளபளப்பும், ஒடித்தால் டக்கென்ற சத்தமும், அச்சிலிருந்து தானாக விலகுகிற சுருக்கமும் கொடுக்கும். மற்றதெல்லாம் மங்கல், கொழகொழ. கறுப்புச் சாக்லேட் என்றால் முதலில் 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி இருக்கிற படிகங்களை எல்லாம் அழிக்க வேண்டும், பிறகு 27, 28-க்கு இறக்க வேண்டும், மறுபடி 31, 32-க்கு ஏற்றி அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். வீட்டில் சுலபமான வழி, மூன்றில் இரண்டு பங்கை உருக்கி, மீதி ஒரு பங்கைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுவது. நறுக்கிப் போட்ட துண்டுகளில் இருக்கும் நல்ல படிகங்கள் மற்றதற்கும் வழிகாட்டும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் என்று மனைவி சொன்னதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தண்ணீர்ப் பாத்திரம் ஒழிந்தது, மைக்ரோவேவில் அரை அரை நிமிடமாக உருக்குகிறோம்.

இதெல்லாம் நடக்க அறை 20, 22 டிகிரியில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏசி இருப்பது ஒரே ஒரு படுக்கையறையில். அதனால் புனித சனிக்கிழமை காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து, இஸ்திரி மேசையைக் கொண்டுவந்து போட்டு, படுக்கையறையைப் பேக்கரி ஆக்கிவிடுவோம். ஏசி இருபதில். கதவைத் திறந்து திறந்து மூடக்கூடாது, அதனால் எல்லாரும் உள்ளேயே. அம்மா சின்னவனுக்கு மங்கி குல்லா மாட்டிவிடுவாள். வெளியே 35 டிகிரி, உள்ளே குல்லா போட்ட பையன், அவன் கையில் சாக்லேட் அச்சைத் துடைக்கும் பஞ்சு. அச்சில் ஒரு விரல் ரேகை இருந்தால்கூட முட்டையில் அப்படியே பதியும், அதனால் பஞ்சால் பளிங்கு மாதிரி துடைக்க வேண்டும். அவன் துடைத்துவிட்டு, சரியாகத் துடைத்தோமா என்று விரல் வைத்துப் பார்ப்பான்.

அச்சில் சாக்லேட்டை ஊற்றி, எல்லாப் பக்கமும் சுற்றி, கவிழ்த்து வடியவிட்டு, இறுகியதும் இன்னொரு பூச்சு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள முட்டைக்கு இரண்டு பாதியும் சேர்த்து ஏறக்குறைய 200 கிராம் பிடிக்கும். ஒரே பூச்சோடு விட்டால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். பிரிட்ஜ் வேண்டியிருந்தால் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துத்தான், வெளியே எடுத்தும் டப்பாவை ஏசி அறையில் கொஞ்ச நேரம் திறக்காமல் வைத்திருந்துதான். அப்போது வியர்ப்பது டப்பாதான். சாம்பல் புதன் கற்றுக்கொடுத்த பாடம்.

இதில் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ருசி பார்க்கக்கூடாது. சனிக்கிழமை இன்னும் தவக்காலக் கணக்குதான் என்பது அம்மாவின் சட்டம், ராத்திரி பாஸ்கா பூசையில் 'உன்னதங்களிலே' பாடி மணி அடித்த பிறகுதான் வாயில் எதுவும். யோசித்துப் பாருங்கள், ஒரு அறை முழுக்கச் சாக்லேட் வாசம், கையெல்லாம் சாக்லேட், மூக்கு நுனியில் சாக்லேட், நக்கக்கூடாது. அம்மா கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டுச் செபமாலையோடு உட்கார்ந்திருப்பாள், வேவு பார்க்கத்தான். மகள் போன வருடம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள், கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு மணிக்கு நான்கு முறை பாத்ரூமுக்குப் போனாள். "ஏட்டி, கை கழுவப் போறவளுக்கு நாக்கு எதுக்கு கறுத்திருக்கு?" என்று அம்மா கேட்டபோது சின்னவன்தான் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டான்.

அலங்காரத்துக்கு வருகிறேன். வெள்ளை ஐசிங்கில்தான் எங்கள் வேலை எல்லாம். ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. இதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது, ஏனென்றால் தூத்துக்குடி மக்ரூன் ஊர்க்காரி. மக்ரூனில் என்ன இருக்கிறது, முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, அவ்வளவுதான், கை வேலைதான் மீதி. வெள்ளைக்கருவை அடித்து நுரை கொம்பு மாதிரி நிற்கிற பதம் அம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும், பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவாள், விழாது. ஆனால் மக்ரூன் அடுப்பில் வேகிறது, நம் ஐசிங் வேகாது, பச்சை வெள்ளைக்கருவில் சால்மொனெல்லாக் கிருமி பயம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் சாப்பிடுவது வேறு. அதனால் மெரிங் பவுடர், அதாவது பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருப் பொடி, வாங்கி வந்தேன். தண்ணீர் சேர்த்து அடித்தால் அதே நுரை. அம்மாவுக்குப் பெரிய வருத்தம். பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோழி இல்லாத முட்டைக்கு முட்டை இல்லாத வெள்ளைக்கரு. சரிதான், செய்யுங்க" என்று விட்டுவிட்டாள். ஆனால் அடிப்பது அவள்தான், கரண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

பைப்பிங் பை எல்லாம் நாங்கள் வாங்கவில்லை. என் மகளுக்கு மருதாணிக் கோன் சுற்றத் தெரியும். பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, குண்டூசியை நடுவில் பிடித்துச் சுற்றி, டேப் ஒட்டி, ஐசிங்கை நிரப்பி, வாயை மடித்துவிட்டால் தீர்ந்தது. ஊசி முனை அளவுக்கு ஓட்டை வரும், கடையில் விற்கிற எந்த நாசிலும் அவ்வளவு மெல்லிசாகக் கோடு போடாது. ஒரே தொந்தரவு, ஐசிங் கொஞ்சம் காய்ந்தாலும் நுனி அடைத்துக்கொள்ளும், ஈரத்துணியில் நுனியை ஊன்றி வைக்க வேண்டும். முதல் முட்டையில் மாங்காய், கொடி, வலை என்று கல்யாணப் பெண் கை மாதிரி போட்டாள். கறுப்புச் சாக்லேட்டில் வெள்ளை மருதாணி. அதைப் பார்த்துவிட்டு என் மனைவிக்கு ஆசை வந்தது. அவள் கும்பகோணம், கோலம் போட்டு வளர்ந்தவள். சிக்குக் கோலம் போடுகிறேன் என்று உட்கார்ந்தாள், ஏழு புள்ளி நான்கு வரை, ஊடு புள்ளி.

கோலம் தரைக்கு உரியது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நடுவில் ஏழு புள்ளி அழகாக நின்றது. மேலேயும் கீழேயும் வரிசை கூடக்கூட, முட்டை வளைந்து உள்ளே போகிறது, ஓரப் புள்ளிகள் பின்பக்கம் நழுவிப் போய்விட்டன. கம்பியை இழுத்துக்கொண்டு போனால் அது சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. உலக உருண்டையைத் தட்டைத் தாளில் வரைபவர்களுக்கு உள்ள அதே தலைவலி, தலைகீழாக. மூன்று முறை ஈரப் பஞ்சால் துடைத்தாள், துடைத்த இடமெல்லாம் பளபளப்பு போயிற்று. கடைசியில் புள்ளிகளை மேலே போகப்போக நெருக்கி வைத்தாள், கோலம் ஒருவழியாகச் சுற்றி வந்து மூடிக்கொண்டது. மணி மதியம் இரண்டரை. யாருக்கும் சாப்பிடும் ஞாபகம் இல்லை. அம்மாவே செபமாலையை மடியில் வைத்துவிட்டு, "அந்தா, அந்த வளைவை இன்னும் கொஞ்சம் உள்ள எடு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடந்தது போன வருடம், 2025. ஈஸ்டர் ஏப்ரல் 20, கத்திரிக்குச் சரியாகப் பதினான்கு நாள் பாக்கி. நான்கு முட்டை செய்தோம். மூன்றாவதைத் தோசைக்கல்லில் காட்டும்போது கல் சூடு கொஞ்சம் கூடிவிட்டது. "இப்ப வைக்கலாம்" என்ற வார்த்தைக்குக் காத்திருக்காமல் வைத்தது நான். விளிம்பு இளகுவதற்குப் பதில் ஒரு பக்கமே இறங்கிப்போயிற்று. அவசரமாக எடுத்து மற்ற பாதியோடு சேர்த்து அழுத்தினேன், அழுத்தியது கூடிப்போய், அடியிலிருந்து நடு வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது. சத்தம் கேட்டது. மகள் வருடக்கணக்காகக் காத்திருந்த அதே டக்.

உடைந்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம், சாக்லேட்டில் அது ஒரு வசதி. ஆனால் அதற்குள் ஜெம்ஸும் சீரக மிட்டாயும் போட்டு மூடியாகிவிட்டது, சின்னவன் தன் கையால் எண்ணிப் போட்டவை. வெட்டி எடுக்க அவன் விடவில்லை. அப்புறம் கோனை எடுத்துக்கொண்டு மகள் அந்த விரிசலையே கொடியாக்கினாள். விரிசல் எங்கெல்லாம் திரும்பியதோ அங்கெல்லாம் ஒரு இலை, அது இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஒரு மொட்டு, என் கட்டைவிரல் அழுந்திய பள்ளத்தில் பெரிதாக ஒரு பூ. இணைப்பைச் சுற்றி என் மனைவி சிப்பி வரிசை வைத்தாள். அதை எப்படி வைப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பிதுக்கி, நிறுத்தி, இழுத்து விடவேண்டும், ஒரு சிப்பி வால் அடுத்த சிப்பியின் தலைக்கு அடியில் போக வேண்டும். எட்டு வயதில் வாசலில் உட்கார்ந்து பார்த்தது கைக்கு ஞாபகம் இல்லை, வாய்க்கு இருந்தது.

ராத்திரி பதினோரு மணிக்குப் பூசை. கோயிலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுதிரி ஏற்றி, இருட்டில் உள்ளே போய், வாசகம் வாசகமாக வாசித்து, மணி அடிக்கும்போது சின்னவன் என் தோளில் தூங்கியிருந்தான். இடித்து எழுப்பச் சொல்லியிருந்தான், எழுப்பினேன். "முடிஞ்சிதா? நக்கலாமா?" என்று சத்தமாகக் கேட்டான். முன்வரிசை ஆள் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும்போது ஒன்றரை. எறும்புக்குப் பயந்து முட்டைகளைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் ஏசி அறையில் வைத்திருந்தோம். உனக்கு எது வேண்டும் என்று கேட்டதும் சின்னவன் நேராகப் போய் விரிசல் முட்டையைக் காட்டினான். அதில்தான் பூ அதிகமாம். அவன் மிட்டாய் அதில் இருக்கிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். சப்பாத்திக் கட்டையால் ஒரு தட்டு தட்டினான், கொடியோடு சேர்த்து உடைந்தது. ஜெம்ஸ் மெத்தை அடியில் எல்லாம் உருண்டது, இரண்டு நாள் கழித்துகூட ஒரு நீலம் கிடைத்தது.

அம்மா ஒரு துண்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து, வாயில் போட்டு, கரையவிட்டாள். மெழுகுதிரி என்று சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு. நாலு முந்திரி போட்டிருக்கலாம்" என்றாள், இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

கோல முட்டையை உடைக்க மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. பிரிட்ஜில் மேல்தட்டில், டப்பாவுக்குள், ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினோம். ஜூன் மாதம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் குடியிருப்பில் ஏதோ கேபிள் கோளாறு, ஒரு பகல் முழுக்கக் கரன்ட் இல்லை. திரும்பி வந்து டப்பாவைத் திறந்தால் முட்டை இல்லை, அடியில் படிந்து மறுபடி இறுகிய ஒரு கறுப்பு வட்டம், அதன்மேல் கோலத்தின் கம்பிகள் துண்டு துண்டாக, வெள்ளை வெளேரென்று, புள்ளிகள் தனித்தனியாக. ஐசிங் உருகாதே. மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அதைப் பாலில் போட்டுக் காய்ச்சி ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். சர்க்கரை போடத் தேவைப்படவில்லை.